மூன்று எல்இடி, ஒரு பழைய கேமரா: கேமுக்குள் தலையைத் திருப்பிப் பார்க்க

ஆர்மா 3 என்ற போர்க்கேமில் ஆல்டிஸ் தீவின் பரப்பு ஏறத்தாழ 270 சதுர கி.மீ. அந்த வெட்டவெளியைக் கடக்கும்போது துப்பாக்கி ஒரு பக்கம் நோக்கியிருக்க, கண் நாலு பக்கமும் போய் வர வேண்டும். ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி மவுஸை நகர்த்தினால் பார்க்கலாம். ஆனால் அந்த நேரத்தில் குறி வைக்க முடியாது. ஹெலிகாப்டரைத் தரையிறக்கும்போது இடப்பக்கக் கண்ணாடி வழியே கீழே எட்டிப் பார்ப்பதும், எலீட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கேமில் தலைக்கு மேல் பறந்து போகும் எதிரிக் கப்பலைக் கண்ணால் துரத்துவதும் இதே கதைதான். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது பார்வை மட்டும் தனியே நகர வேண்டும். தலையசைவைக் கேமுக்குக் கொண்டுபோகும் ஹெட் ட்ராக்கர் அதைச் செய்கிறது. கடையில் விற்கும் ட்ராக்ஐஆர் கருவியின் வேலையை, ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருளும் கையால் செய்த மூன்று புள்ளிச் சட்டமும் சேர்ந்து நன்றாகவே செய்யும். மூன்று அகச்சிவப்பு எல்இடி பொருத்திய இந்தச் சட்டத்தை ஹெட்செட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும்; கேமரா பார்க்கும் அந்த மூன்று புள்ளியை வைத்து மென்பொருள் தலையின் கோணத்தைக் கணக்கிடும்.

சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் ஒரு சோதனை. ஓப்பன்ட்ராக்கில் நியூரல்நெட் என்றொரு உள்ளீடு இருக்கிறது. சாதாரண வெப்கேமராவில் முகத்தையே பார்த்துத் தலையின் கோணத்தைக் கணிக்கும். வேறு பொருள் எதுவும் வேண்டாம். பகல் வெளிச்சத்தில், நிதானமாகப் பறக்கும் விண்வெளிக் கேமுக்கு அதுவே போதும் என்று தோன்றினால் அங்கேயே நின்றுவிடலாம். விளக்கை அணைத்துவிட்டு விளையாடுபவர்களுக்கு அது ஒத்துவராது. வெளிச்சம் குறைந்தால் வெப்கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், படத்தில் புள்ளி புள்ளியாய் இரைச்சல் ஏறும், பார்வை நடுங்கும். அகச்சிவப்பு எல்இடி இருட்டில்தான் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

கணக்கு முதலில்

கேமரா தலையிலிருந்து 75 செ.மீ. தொலைவில், 56° லென்ஸ் கோணத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கோணம் மூலைக்கு மூலை அளப்பது. அந்தத் தொலைவில் கேமராவுக்குத் தெரியும் அகலம் ஏறத்தாழ 64 செ.மீ. படத்தின் அகலமோ 640 பிக்சல். ஆக, ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு பிக்சல்.

சட்டத்தில் நடு எல்இடி முன்னே நீட்டிக்கொண்டும், கீழ் எல்இடி அதற்கு 80 மி.மீ. பின்னேயும் இருக்கும். தலையை 1° திருப்பினால் இந்த இரண்டுக்கும் இடையே பக்கவாட்டில் உண்டாகும் நகர்வு 1.4 மி.மீ.; படத்தில் 1.4 பிக்சல். கேமில் 45° தலைத்திருப்பம் 180° பார்வையாக மாறுகிறது, அதாவது நான்கு மடங்கு. புள்ளியின் இடத்தைக் கணிப்பதில் ஒரே ஒரு பிக்சல் பிழை வந்தாலும் திரையில் கிட்டத்தட்ட 3° ஆட்டம் தெரியும். தூரத்து மலையில் நிற்கும் ஆளைத் தேடும்போது 3° என்பது பெரிய அளவு.

அதனால்தான் இந்த வேலையில் எல்லாம் புள்ளியின் தரத்தில் வந்து நிற்கிறது. புள்ளி 6 முதல் 8 பிக்சல் விட்டத்தில், வட்டமாக, பிரகாசம் மாறாமல் இருந்தால் மென்பொருள் அதன் மையத்தைப் பிக்சலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் கண்டுபிடிக்கும். புள்ளி 2 பிக்சலாய்ச் சிறுத்தாலோ, ஓரம் பிசிறினாலோ மையம் தாவும். பலரும் அப்போது அசைவை மென்மையாக்கும் ஃபில்டரை (ஓப்பன்ட்ராக்கின் ஓர் அமைப்பு) ஏற்றி நடுக்கத்தை மறைக்கப் பார்க்கிறார்கள். நடுக்கம் மறையும், கூடவே தாமதம் ஏறும், தலை போன பின்னால் பார்வை மெதுவாக வந்து சேரும். நடுக்கத்தை வெளிச்சத்தில் சரிசெய்ய வேண்டும், ஃபில்டரில் அல்ல.

வேண்டியவை

பிளேஸ்டேஷன் 3 கேமுக்காக 2007-இல் வந்த பிஎஸ்3 ஐ கேமரா ஒன்று. விற்பனை நின்று நாளாகிவிட்டது, பழையதாகத்தான் கிடைக்கும். 640-க்கு 480 அளவில் வினாடிக்கு 60 படம் தருவதால் இன்றும் இந்த வேலைக்கு இதைத் தேடுகிறார்கள். வினாடிக்கு 30 படம் எடுக்கும் வெப்கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் 33 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும், இதில் 17.

5 மி.மீ. அகச்சிவப்பு எல்இடி மூன்று, உடைந்தால் மாற்ற இன்னும் இரண்டு. 27 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று. வீணாய்க் கிடக்கும் யூஎஸ்பி கேபிள். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று, 2 மி.மீ. கனம், வளைத்தால் வளைத்தபடி நிற்கும். ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், கேபிள் டை, மெல்லிய கம்பி, அரம், உப்புத்தாள், மல்டிமீட்டர். கழுவி எடுத்த பழைய கலர் நெகட்டிவ் துண்டு ஒன்று, அதிலும் முழுக் கறுப்பாக இருக்கும் முனைப்பகுதி. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் எல்இடியும் ரெசிஸ்டரும் கிடைத்துவிடும். நெகட்டிவுக்குப் பழைய ஸ்டுடியோவையோ வீட்டுப் பரணையோ பார்க்க வேண்டும்.

எல்இடி வாங்கும்போது கேட்க வேண்டியது ஒளிக்கோணம். ரிமோட்டுக்குப் போடும் எல்இடி ஒளியைக் குறுகலாகக் குவிக்கும். தலையை 25° திருப்பியதும் புள்ளி மங்கிப் பாதியாகிவிடும். எஸ்எஃப்எச் 485 பி என்ற எண் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். தட்டை முகம், இருபுறமும் 40° வரை விரியும், 880 நானோமீட்டர். கிடைக்காவிட்டால் டிஎஸ்ஏஎல் 6400. 25° விரியும், 940 நானோமீட்டர். இதன் குவிந்த தலையை அரத்தால் ராவித் தட்டையாக்கலாம். குவிவு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். உள்ளே தலைமுடியை விட மெல்லிய இணைப்புக் கம்பி ஒன்று மேலெழுந்து வளைந்திருக்கும், அதைத் தொட்டால் எல்இடி போச்சு. ராவிய முகத்தை உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்து மங்கலாக்குங்கள். அந்தப் பனிமூடிய முகம்தான் புள்ளியைப் பெரிதாக்குகிறது, ஒளியைப் பரப்புகிறது.

கேமராவைத் திறத்தல்

எந்த வண்ணக் கேமராவிலும் அகச்சிவப்பு உள்ளே வராமல் தடுக்க ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதை எடுக்காமல் இந்த வேலை நடக்காது. பிஎஸ்3 ஐயின் பின்புறம் நான்கு மூடிகள், அவற்றின் அடியில் நான்கு ஸ்க்ரூ. மூடிகளை ஊசிமுனையால் நெம்பி எடுத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஓட்டின் இணைப்பில் தட்டையான பிளாஸ்டிக்கை நுழைத்துச் சுற்றி வாருங்கள். ஓடு இறுக்கமாகத்தான் பிரியும். ஒரே மூலையில் பலத்தைக் காட்டினால் கொக்கி உடையும்.

உள்ளே சர்க்யூட் போர்டும் அதன் மேல் லென்ஸ் குழலும். போர்டின் பின்புறமிருந்து வரும் இரண்டு சிறிய ஸ்க்ரூதான் லென்ஸைப் பிடித்திருக்கிறது. கழற்றும்போது போர்டைத் தலைகீழாகப் பிடியுங்கள். சென்சார் கீழே பார்த்தபடி இருந்தால் தூசி விழாது. லென்ஸைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் சாய்த்துப் பார்க்கும்போது செந்நிறமாய் மின்னும் கண்ணாடித் துண்டு தெரியும். அதுதான் தடை. ஓரத்தில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். கூரிய பிளேடு முனையால் பசையை மெதுவாகச் சுரண்டிச் சுற்றி வந்தால் விடும். கண்ணாடி உடைந்தால் பதற்றம் வேண்டாம், அது இனித் தேவையே இல்லை. துகள் லென்ஸின் பின்முகத்தில் கீறாமல், கவிழ்த்துப் பிடித்துக் காற்றூதும் ரப்பர் குமிழால் ஊதி எடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படியும்.

எடுத்த இடத்திலோ லென்ஸின் முன்னாலோ நெகட்டிவ் துண்டை இரண்டு அடுக்காக வையுங்கள். கலர் நெகட்டிவின் கறுப்பு சாயத்தால் ஆனது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிவிட்டு அகச்சிவப்பை விட்டுவிடும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் உதவாது. அதன் கறுப்பு உலோக வெள்ளி, அது அகச்சிவப்பையும் தடுத்துவிடும். பழைய மூன்றரை அங்குல ஃப்ளாப்பியின் உள்வட்டும் நெகட்டிவுக்கு மாற்றாகும்.

தடைக்கண்ணாடி போனதால் குவியம் கொஞ்சம் நகர்ந்து படம் லேசாகக் கலங்கும். விட்டுவிடுங்கள். புள்ளி சற்றுக் கலங்கியிருந்தால் பல பிக்சல்களில் பரவி மையம் இன்னும் துல்லியமாகக் கிடைக்கும்.

லென்ஸ் வளையத்தில் சிவப்புப் புள்ளிக்குத் திருப்பினால் 56°, நீலத்துக்குத் திருப்பினால் 75°. சிவப்பில் வையுங்கள். 75°-இல் ஒரு பிக்சலுக்கு 1.4 மி.மீ. ஆகிவிடும், கிடைக்க வேண்டிய துல்லியத்தில் மூன்றில் ஒரு பங்கு காரணமில்லாமல் போகும்.

மின்சுற்று

மூன்று எல்இடியையும் வரிசையாக, ஒன்றின் நெட்டைக்கால் அடுத்ததன் குட்டைக்காலோடு சேரும்படி இணைத்து, முன்னால் ஒரு ரெசிஸ்டர். டிஎஸ்ஏஎல் 6400 ஒவ்வொன்றும் 50 மி.ஆம்பியர் அளவில் சுமார் 1.25 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மூன்றுக்கும் 3.75. யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் மிச்சம் 1.25. அதை 27 ஓமால் வகுத்தால் 46 மி.ஆம்பியர். எல்இடியின் உச்ச வரம்பான 100-க்குப் பாதி, ரெசிஸ்டரும் சூடாகாது. எஸ்எஃப்எச் 485 பி கொஞ்சம் கூடுதல் வோல்ட் கேட்கும்; அதற்கு 18 ஓம்.

இந்த வரிசை இணைப்பில் ஒரு பலவீனம் உண்டு. ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது வெறும் 1.25 வோல்ட் என்பதால், நீளமான மெல்லிய கேபிளில் 5 வோல்ட் 4.6 ஆக இறங்கினால் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், புள்ளி மங்கும். கேபிள் 2 மீட்டரைத் தாண்டுகிறது என்றால் ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனியே 75 ஓம் ரெசிஸ்டர் போட்டு, மூன்றையும் பக்க இணைப்பாக 5 வோல்ட்டில் கொடுங்கள். மொத்தம் 150 மி.ஆம்பியர் ஆகும், யூஎஸ்பி 2.0 போர்ட் தாங்கும். இதில் ரெசிஸ்டர் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 0.19 வாட் சுமப்பதால் அரை வாட் வகை வாங்குங்கள். மூன்று எல்இடியைப் பக்க இணைப்பில் வைத்து ஒரே ரெசிஸ்டரைப் பொதுவாகப் போடுவது மட்டும் கூடாது. ஒன்று அதிகம் இழுக்கும், மற்றவை மங்கும், மூன்று புள்ளியும் மூன்று அளவில் தெரியும்.

யூஎஸ்பி கேபிளை வெட்டினால் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு தரை, பச்சையும் வெள்ளையும் தகவல் கம்பிகள். மலிவான கேபிளில் நிறத்தை நம்பக் கூடாது. மல்டிமீட்டரால் அளந்த பிறகே சால்டர் வையுங்கள். தகவல் கம்பி இரண்டையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டித் தனித்தனியே டேப் சுற்றுங்கள். இணைத்ததும் ரெசிஸ்டரின் இரு முனையிலும் வோல்ட் பாருங்கள். 1.1 முதல் 1.3 வரை இருந்தால் எல்லாம் சரி. எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. போனின் முன் கேமராவில் பார்த்தால் ஊதா நிறத்தில் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் இமை தானாக மூடாது, ஆகவே எரியும் எல்இடியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் உற்றுப் பார்க்காதீர்கள்.

சட்டம்

நடு எல்இடியை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். மேல் எல்இடி அதற்கு 40 மி.மீ. மேலே, 30 மி.மீ. பின்னே. கீழ் எல்இடி 70 மி.மீ. கீழே, 80 மி.மீ. பின்னே. மூன்றும் ஒரே செங்குத்துத் தளத்தில் இருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் ஒரே கோடாகத் தெரியும். ஸ்போக்ஸ் கம்பியைக் குறடால் வளைக்கும் முன் இந்த மூன்று புள்ளியையும் கட்டம் போட்ட தாளில் குறித்து, கம்பியைத் தாளின் மேல் வைத்து வைத்துப் பார்த்து வளையுங்கள். அளவு எடுக்க வேண்டியது ஒளி வரும் முகத்திலிருந்து, கம்பியிலிருந்து அல்ல. 2 மி.மீ. பிசகினால் கோணமும் பிசகும். ஆனால் செய்து முடித்ததை மறுபடி அளந்து உண்மையான எண்ணை ஓப்பன்ட்ராக்கில் கொடுத்தால் சரியாகிவிடும். அழகாக வளைப்பதை விடச் சரியாக அளப்பது முக்கியம்.

ஸ்போக்ஸ் எஃகு என்பதால் மின்சாரம் பாயும். எல்இடி கால்களை ஹீட் ஷ்ரிங்கில் மூடிய பிறகே கம்பியோடு கட்டுங்கள். மூன்று எல்இடியும் கேமராவைப் பார்க்க வேண்டும். கேமரா திரைக்கு மேல் இருப்பதால் முகத்தை நேராக அல்லாமல் லேசாக மேல்நோக்கித் திருப்பி வையுங்கள்.

சட்டம் ஹெட்செட்டின் இடப்புறம் என்றால், தலையை இடப்பக்கம் அதிகம் திருப்பும்போது முகமே சட்டத்தை மறைக்கும். காதுக்கூட்டிலிருந்து 3 செ.மீ. வெளியே தள்ளிக் கட்டினால் இந்த மறைவு தள்ளிப்போகும். கேமராவையும் திரையின் நடுவிலிருந்து அதே இடப்புறமாக ஒரு சாண் நகர்த்தி வையுங்கள்.

மென்பொருள்

விண்டோஸில் ஸாடிக் என்ற சிறு கருவியால் கேமராவின் இன்டர்ஃபேஸ் 0-க்கு வின்யூஎஸ்பி ட்ரைவரைக் கொடுக்க வேண்டும். இன்டர்ஃபேஸ் 1 மைக்ரோஃபோன், அதைத் தொடாதீர்கள். லினக்ஸில் இந்தக் கேமராவுக்கான ட்ரைவர் கெர்னலிலேயே இருக்கிறது.

ஓப்பன்ட்ராக்கில் உள்ளீடு பாயின்ட்ட்ராக்கர் 1.1, ஃபில்டர் ஆக்செலா, வெளியீடு, அதாவது கேமுக்குத் தகவல் போகும் வழி, ஃப்ரீட்ராக் 2.0 என்ஹான்ஸ்டு. லினக்ஸில் ப்ரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) வழியே ஓடும் கேமுக்கு வெளியீடு வைன். உள்ளீட்டின் அமைப்பில் கோணம் 56, அளவு 640-க்கு 480, வினாடிக்கு 60. மாடல் பகுதியில் கிளிப் (நம் சட்டத்தின் வகை) தேர்ந்து, சட்டத்தில் அளந்த நான்கு எண்களைக் கொடுங்கள்.

இனி எக்ஸ்போஷர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளி வாங்கும் நேரம். அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. தானியங்கியை நிறுத்துங்கள். கெயினை, அதாவது படத்தின் பிரகாசத்தைப் பெருக்கும் அளவை, குறைந்தபட்சத்துக்கு இறக்குங்கள். எக்ஸ்போஷரை மேலிருந்து கீழே படிப்படியாக இறக்கி வாருங்கள். முதலில் அறையே மங்கலாகத் தெரியும், பிறகு முகம் மறையும், கடைசியில் கறுப்புத் திரையில் மூன்று வெள்ளைப் பொட்டு மட்டும் மிஞ்சும். அந்த இடத்தில் தலையை வேகமாக ஆட்டிப் பாருங்கள். பொட்டு கோடாக நீண்டால் எக்ஸ்போஷர் இன்னும் அதிகம். தலையை இருபுறமும் 40° திருப்பும்போது பொட்டு சிறுத்துக் காணாமல் போனால் குறைத்தது அதிகமாகிவிட்டது, அல்லது எல்இடியை இன்னும் ராவ வேண்டும். வெறும் த்ரெஷோல்டை (எவ்வளவு பிரகாசம் இருந்தால் புள்ளியாக எடுப்பது என்ற அளவு) ஏற்றி இறக்கி ஒப்பேற்றினால் பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று தினமும் மாற்ற வேண்டியிருக்கும்.

பிறகு அளவீடு. கேலிபிரேட் பொத்தானை அழுத்தி, உடம்பை அசைக்காமல் கழுத்தை மட்டும் இடம் வலம், மேல் கீழ் என மெதுவாகத் திருப்புங்கள். சட்டத்திலிருந்து கழுத்தின் சுழல்மையம் எவ்வளவு தூரம் என்று மென்பொருள் கற்றுக்கொள்ளும். இதைத் தவறவிட்டால் தலையைத் திருப்பும்போதெல்லாம் உடம்பே பக்கவாட்டில் நகர்வதாகக் கேம் நினைக்கும்.

வளைகோடுகள்

தலை எவ்வளவு திரும்பினால் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை ஓப்பன்ட்ராக்கில் ஒரு வளைகோடாக வரைந்து கொடுக்க வேண்டும். இடம் வலத்துக்கான கோட்டில் நடுவே 2 முதல் 3° வரை தட்டையாக விடுங்கள். குறி வைக்கும் நேரத்தில் மூச்சு விட்டாலும் பார்வை நகராது. அங்கிருந்து 15° வரை மெதுவான ஏற்றம், அதன் பிறகு செங்குத்து. 45° தலைக்கு 170 முதல் 180° பார்வை. கண் திரையை விட்டுப் போகாமல் தோளுக்குப் பின்னால் பார்க்க இந்த அளவு வேண்டும்.

ஆர்மாவில் தலைச்சாய்வு அச்சை அணைத்து வைப்பது நல்லது. ஆட்ட அமைப்பின் கன்ட்ரோலர் பட்டியலில் ட்ராக்ஐஆர், ஃப்ரீட்ராக் இரண்டும் தெரிந்தால் ஒன்றை மட்டும் விடுங்கள். ஓப்பன்ட்ராக்கின் வெளியீட்டு அமைப்பிலேயே ஒன்றை மறைக்கும் வசதி இருக்கிறது. எலீட்டில் நிலைமை வேறு. கப்பலுக்குள் இடம் வலம் பார்த்தாலே பக்கப் பலகைகள் திறந்துகொள்ளும். அதை விரும்புபவர்கள் நடுக்கோட்டை நீளத் தட்டையாக வையுங்கள். போரில் தொந்தரவு என்றால் பார்த்தால் திறக்கும் வசதியைக் கேமிலேயே அணையுங்கள். முன்னும் பின்னும் நகரும் அச்சு எலீட்டில் அருமை: குனிந்தால் கருவிப்பலகை எழுத்து பெரிதாகும். இரண்டு கேமுக்கும் தனித்தனி ப்ரொஃபைல் சேமித்துவிடுங்கள். கேம் திறந்ததும் அதற்குரியதைத் தானே எடுக்கும்படி ஓப்பன்ட்ராக்கில் அமைக்கலாம்.

நடுநிலைக்குக் கொண்டுவரும் பொத்தானை ஜாய்ஸ்டிக்கிலோ மவுஸின் பக்கவாட்டிலோ வையுங்கள். நாற்காலியில் ஒவ்வொரு முறை நகர்ந்து உட்கார்ந்ததும் அது தேவைப்படும்.

கோளாறுகள்

பார்வை திடீரென்று வானத்துக்குத் தாவினால் நான்காவது புள்ளி ஒன்று எங்கோ இருக்கிறது. கேமராப் படத்தைப் பாருங்கள். பின்னால் இருக்கும் ஜன்னல், குண்டு பல்பு, பூஜை விளக்கின் சுடர் எல்லாமே அகச்சிவப்பைக் கொட்டும். எல்இடி பல்பும் ட்யூப்லைட்டும் பெரும்பாலும் தொந்தரவு தராது. பளபளப்பான ஹெட்செட் வளைவில் எல்இடியே பிரதிபலித்து இரண்டாகத் தெரிவதும் உண்டு, அந்த இடத்தில் கறுப்புத் துணி டேப் ஒட்டினால் போகும்.

மூன்று புள்ளியில் இரண்டு ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டாலும் தாவும். தலையை அண்ணாந்து பார்க்கும்போது இது நடந்தால் கேமராவை இன்னும் உயர்த்துங்கள், அல்லது எக்ஸ்போஷரைக் குறைத்துப் பொட்டைச் சிறிதாக்குங்கள்.

இடம் வலம் திருப்பும்போது பார்வை சேர்ந்தே மேலும் கீழும் போனால் சட்டம் முறுக்கியிருக்கிறது. ஹெட்செட் வளைவு நழுவினாலும் இதே கோளாறு.

கேமே அசையவில்லை என்றால் வரிசையைப் பாருங்கள்: முதலில் ஓப்பன்ட்ராக்கைத் திறந்து ஸ்டார்ட் கொடுக்க வேண்டும், பிறகுதான் கேம். கேம் திறக்கும் நேரத்தில் ட்ராக்ஐஆர் நூலகம் எங்கே என்று ரெஜிஸ்ட்ரியில் தேடும்; அப்போது அங்கே முகவரி இல்லாவிட்டால் பிறகு தேடாது. ஓப்பன்ட்ராக்கோடு வரும் ட்ராக்ஐஆர் போலிக் கோப்பை ஆன்டிவைரஸ் தூக்கிப் போட்டிருந்தாலும் இதே நிலைதான். கேம் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடினால் ஓப்பன்ட்ராக்கும் அப்படியே ஓட வேண்டும்.

படம் நடுநடுவே உறைந்தால் யூஎஸ்பி. இந்தக் கேமரா படத்தைச் சுருக்காமல் அனுப்புகிறது. 60 படத்தில் வினாடிக்கு கிட்டத்தட்ட 37 மெகாபைட், யூஎஸ்பி 2.0-இன் நடைமுறை எல்லைக்கு அருகே. ஹப் வழியாக, ஹெட்செட்டோடும் மற்ற கருவிகளோடும் பங்குபோட வைக்காதீர்கள். கம்ப்யூட்டரின் பின்புறம் தனி போர்ட் கொடுங்கள். எல்இடிக்கு மின்சாரம் மட்டும்தான், அது எங்கிருந்து வந்தாலும் சரி.

நாள்பட்டு ஒரு புள்ளி விட்டு விட்டு எரிந்தால், அனேகமாகக் கம்பி சட்டத்தைச் சேரும் முதல் சால்டர் விட்டிருக்கும். தலை திரும்பும்போதெல்லாம் அந்த இடம்தான் வளைகிறது. மறுபடி வைக்கும்போது கம்பியை ஹெட்செட் கேபிளோடு இரண்டு இடத்தில் கேபிள் டையால் கட்டி, கடைசிக் கட்டுக்கும் சால்டருக்கும் நடுவே 5 செ.மீ. தொங்கலாக விடுங்கள்.